மூன்று குரல்

வேலங்குளத்துப் புன்செய்க் கொல்லைகளில் ஒரு சட்டம் இருந்தது. எந்தச் சர்க்காரும் போட்டதில்லை, எந்தத் தாலுகா கச்சேரியிலும் எழுதி வைத்ததில்லை. மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காய் பிடிக்கிற காலத்தில் பரண்மேல் காவல் இருக்கிறவன் கையில் கவண் இருக்கும், மடியில் கூழாங்கல் இருக்கும். ஆனால் செடி அசைந்ததும் கல்லை விட்டுவிடக் கூடாது. முதலில் குரல் கொடுக்க வேண்டும். "ஆளாஆஆ?" என்று நீட்டிக் கேட்க வேண்டும். ஆளாக இருந்தால் "ஆளுதான்!" என்று பதில் வந்துவிடும். இப்படி மூன்று குரல். மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் பன்றி, அல்லது நரி. அப்புறம் கல்லை விடலாம். எந்தக் காலத்திலோ ஒருத்தன் அவசரப்பட்டு விட்ட கல், வயிற்றைக் கலக்கிக் கொல்லைக்குள் ஒதுங்கிய அவன் மச்சானின் நெற்றிப்பொட்டில் போய் விழுந்ததாம். அன்றைக்கு ஏற்பட்ட பழக்கம். திண்டிவனத்துக்கு மேற்கே மேல்சித்தாமூர்ப் பாதையில் இருக்கிற ஏழெட்டு ஊர்களுக்கும் இதே சட்டம்தான்.

சவுரியம்மாளின் புருஷன் வாந்திபேதியில் போனபோது மூத்தவன் தேவசகாயத்துக்குப் பத்து வயசு, இளையவன் சூசைக்கு ஆறு. புருஷன் பார்த்த காவலை அவளே ஏற்றுக்கொண்டாள். பொம்பளை பரண் ஏறுவதாவது என்று கொல்லைக்காரர் அப்பாதுரை முகத்தைச் சுளித்தார். வேறு ஆள் அகப்படாததால் சரி என்றார். பிள்ளைகளும் கூடவே போவார்கள். கொல்லையின் இந்த மூலையில் ஒருத்தன், அந்த மூலையில் ஒருத்தன். பன்றி வருகிறதோ இல்லையோ, இவன் "ஆளா?" என்பான், அவன் "ஆளுதான்!" என்பான். நாள் தவறாமல் இதே கூத்து. "அடச்சீ, வாய மூடுங்கடா, தொண்ட கட்டிக்கப் போவுது!" என்று திட்டுவாள். திட்டிக்கொண்டே சிரிப்பாள். அவள் வயிறு நிறையச் சிரித்த காலம் அது ஒன்றுதான்.

முப்பத்தேழில் தேவசகாயம் மலாயாவுக்கு ரப்பர் தோட்டத்து வேலைக்குக் கப்பலேறினான். மூன்று வருஷத்தில் வந்துவிடுவேன் என்றான். வரவில்லை. கடுதாசி மட்டும் வந்தது. அங்கே எந்நேரமும் மழையாம், சோறு தாராளமாம், அட்டை கடிக்கிறதாம். ஒரு தடவை ஊர்க்காரன் ஒருவனிடம் ஒரு தகர டப்பா நிறைய பிஸ்கோத்து கொடுத்தனுப்பியிருந்தான். பிஸ்கோத்தைச் சேரிப் பிள்ளைகளுக்குப் பங்கு வைத்துவிட்டு டப்பாவில் உப்பு போட்டு வைத்துக்கொண்டாள்.

பிறகு எங்கேயோ சண்டை என்றார்கள். எங்கேயோ நடந்தால் நமக்கென்ன என்றுதான் ஊரே இருந்தது. நாற்பதாம் வருஷம் பிரெஞ்சுக்காரன் ஜெர்மன்காரனிடம் தோற்றுப் போனானாம். அதனால் புதுச்சேரியிலிருந்து மல்லாட்டை ஏற்றுகிற கப்பல் நின்றுவிட்டதாம். திண்டிவனம் மண்டிகளில் மூட்டைகள் அடுக்கின இடத்திலேயே புழுத்தன. மண்டியில் காய் உடைக்கப் போன பெண்களைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த வருஷம் அப்பாதுரை பாதிக் கொல்லையைத் தரிசாகப் போட்டார்.

"எவனோ எவங்கிட்டயோ தோத்தா எங்கூட்டு அடுப்பு ஏன்டி அவியணும்?" என்று சவுரியம்மாள் தங்கச்சி இருதயமேரியிடம் கேட்டாள். கண்டமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த இருதயமேரிக்கும் பதில் தெரியவில்லை.

பதிலைச் சர்க்கார் வைத்திருந்தது. திண்டிவனத்தில் ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டு ஆள் எடுத்தார்கள். நெஞ்சை அளந்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், மூன்று வேளை சோறு என்றார்கள். வேலையைப் பிடுங்கிக்கொண்டதும் சண்டைதான், வேலை கொடுத்ததும் சண்டைதான். சூசை போய் நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தான்.

விழுப்புரம் ஜங்ஷன்வரை கூடப் போனாள். கேப்பை அடையும் கருவாட்டுத் துவையலும் கட்டிக்கொண்டு போயிருந்தாள். பிளாட்பாரம் முழுக்கப் பிள்ளைகள். எல்லாம் மீசை அரும்பாத முகங்கள்.

"யாருகூடடா சண்ட?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. அங்க போனா சொல்லுவாங்க."

"தெரியாத ஆளுகூட இன்னா சண்ட போடுவ?"

"நீ ஒருத்தி. வண்டி பொறப்படப் போவுது, அழுவாத. ஒடம்பப் பாத்துக்க. பரண்ல ஏணிப்படி ஆட்டம் குடுக்குது, அப்பாதுர ஆண்டகிட்ட சொல்லி மாத்திக்க."

வண்டி போன பிறகும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அடை மூட்டை அவள் இடுப்பிலேயே இருந்தது. கொடுக்க மறந்துபோயிருந்தாள். அதை நினைத்து நினைத்து ஒரு வருஷம் மாய்ந்துபோனாள்.

அந்தக் கார்த்திகையில் ஜப்பான்காரன் மலாயாவுக்குள் புகுந்தான். தேவசகாயத்தின் கடுதாசி நின்றது. அரிசி நின்றது, மண்ணெண்ணெய் நின்றது, எல்லாவற்றுக்கும் கண்ட்ரோல் என்று ஒரு பேர் வைத்தார்கள். குடிசையில் இருட்டும் அவளும் மட்டும் மிச்சம். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் யுத்தத்தில் ராஜாவுக்கு ஜெயம் கிடைக்க வேண்டும் என்று மன்றாட்டு சொல்வார்கள். எல்லாரோடும் சேர்ந்து ஆமென் சொல்லிக்கொண்டிருந்தாள், நாற்பத்துநாலாம் வருஷத்து ஐப்பசிவரைக்கும்.

அந்த ஐப்பசியில் இருதயமேரியின் புருஷன் முத்துசாமி வந்தான். புதுச்சேரி மில்லில் வேலை அவனுக்கு. வீட்டுக்குள் வந்து கதவுத் தட்டியைச் சாத்திவிட்டுத்தான் பேசினான்.

"அண்ணி, மில்லுல ஒருத்தன் வூட்டுல திருட்டுத்தனமா ரேடியோ கேக்கறோம். சிங்கப்பூருலேர்ந்து தமிழுல பேசறாங்க. மலாயாவுல தோட்டத்துல இருந்த நம்ம ஆளுங்களயெல்லாம் சேத்து ஒரு பட்டாளம் கட்டியிருக்காங்களாம். வெள்ளக்காரன எதுத்து. பர்மா வழியா வர்றாங்களாம்."

"தேவசகாயம் பேரச் சொன்னாங்களா?"

"பேரெல்லாஞ் சொல்லல. ஆனா அவன் இருந்த தோட்டத்துப் பேரச் சொன்னாங்க. பாதித் தோட்டம் சேந்துடுச்சாம்."

அவன் போய் வெகுநேரம் கழித்துத்தான் சவுரியம்மாளுக்கு உறைத்தது. சூசை கடைசிக் கடுதாசியில் பர்மாப் பக்கம் என்றுதானே எழுதியிருந்தான்! போட்டது போட்டபடி உபதேசியார் வீட்டுக்கு ஓடினாள்.

உபதேசியார் அருளப்பன் கோயிலையும் அதையொட்டிய கூரைப் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தவர். சூசை நாலெழுத்து படித்தது அங்கேதான். நல்ல மனுஷன், ஆனால் பயந்தவர். போலீஸ்காரன் சைக்கிள் மணி கேட்டால் அவருக்கு வேர்க்கும். சேரிக்கு வருகிற கடுதாசியைப் படிப்பதும் போகிற கடுதாசியை எழுதுவதும் அவர்தான்.

"சூசைக்குக் கடுதாசி எழுதணுங்க, உபதேசியாரே."

"போன வாரந்தான எழுதனோம்?"

"இது வேறங்க. அவன் அண்ணன் எதுத்தாப்புல இருக்கான்னு எழுதணும்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் எழுந்துபோய் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "மெதுவாப் பேசும்மா. இது பெரிய பேஜாரு. கடுதாசிய வழியில பிரிச்சுப் படிப்பாங்க, தெரியுமில்ல?"

"படிக்கட்டும். படிக்கறவனும் ஒருத்தி பெத்த புள்ளதான?" அவள் கீழே உட்கார்ந்துகொண்டாள். "எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எதுக்குங்க இந்தச் சண்ட?"

"அந்த இட்லரு ஊரு ஊராப் புடிச்சிக்கினு வர்றான். ஜப்பான்காரனும் அப்படித்தான். தடுக்காம வுட முடியுமா? அநியாயத்த எதுத்துப் போடற சண்ட இது. நியாயமான சண்டதான்னு பெரிய சாமியாரே பிரசங்கத்துல சொன்னாரே."

"அவன் அநியாயக்காரந்தான், நான் இல்லேங்கல. ஊரப் புடிக்கறது அநியாயம்னா, இந்த ஊர நம்ம ராசாவுக்கு யாரு குடுத்தாங்க?"

உபதேசியார் மறுபடியும் வாசலைப் பார்த்தார்.

"அந்தப் பக்கத்துல சொதந்தரத்துக்குச் சண்டைன்னு சொல்றாங்களாம். அதுவுங் கேட்டா நியாயமாத்தான் இருக்குது. நீங்க சொல்றதும் நியாயமாத்தான் இருக்குது. ரெண்டு நியாயமுமாச் சேந்து எம்புள்ளைங்க ரெண்டு பேரயும் எதுத்து எதுத்து நிக்க வச்சிருக்குதே, அது இன்னா நியாயங்க?"

"நீ சொல்றபடி பாத்தா ஒலகத்துல யாரும் யாரயும் தடுக்கவே முடியாது, சவுரியம்மா."

"தடுக்க வாணாம்னா சொன்னேன்? பன்னி வந்தா நானுந்தான் கல்லு வுடறேன். மூணு கொரல் குடுத்துட்டு வுடறேன். அதத்தாங் கேக்கறேன். எழுதுங்க. யப்பா சூசை, உங்க அண்ணன் எதுத்த பட்டாளத்துல இருக்கான். சுடறதுக்கு முந்தி மூணு கொரல் குடு. ஆளுதான்னு பதிலு வந்தா சுடாத. அவன் அண்ணனா இல்லாங்காட்டியும் சுடாத. எழுதிட்டீங்களா?"

"பட்டாளத்துல இதெல்லாம் ஆவாதும்மா."

"ஏன் ஆவாது? எழுதப் படிக்கத் தெரியாத நாங்களே பண்றோம். தொர மாருங்களுக்கு ஆவாதா?"

அவர் குனிந்து எழுதினார். எழுதி முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னாள். அவள் சொன்னது ஒன்று விடாமல், "அண்ணனா இல்லாங்காட்டியும் சுடாத" என்பதுவரைக்கும் படித்துக் காட்டினார். அவர் குரல் நடுங்கியது. பிள்ளைகள்மேல் பாசம், அதனால் கலங்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். உறையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நாலு மைல் நடந்துபோய்த் தபால்பெட்டியில் தன் கையாலேயே போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ராஜாவின் ஜெயத்துக்கு அவள் ஆமென் சொல்லவில்லை. வாயைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சண்டை முடிந்தது. திண்டிவனத்தில் கொடி கட்டினார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார்கள். மலாயாவிலிருந்து கப்பல் வந்தது. கண்டமங்கலத்துக்கு ஒருத்தன் திரும்பினான் என்று கேட்டு ஓடினாள். எலும்பும் தோலுமாக இருந்தான். "தேவசகாயமா? அந்தப் பட்டாளத்துல சேந்தான், பர்மாவுக்குப் போனான். அதுக்குமேல தெரியாதுங்க" என்றான். அந்த வருஷம் கல்லறைத் திருநாள் வந்தபோது, செத்தவர்களுக்காகக் கோயிலில் படிக்கிற பேர் ஜாபிதாவில் மூத்தவன் பேரையும் சேர்த்துவிடலாமே, ஆத்துமாவுக்கு நல்லது என்று நாலு பேர் சொன்னார்கள். "உசுரோட இருக்கறவனுக்கு எவ சாவுப் பாட்டு படிப்பா?" என்று கத்தினாள். ஒருத்தரும் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாற்பத்தாறு புரட்டாசியில் சூசை வந்துசேர்ந்தான். ஆள் வளர்ந்திருந்தான், பேச்சு குறைந்திருந்தது. கேப்பைக் களி கிளறி, கருவாட்டுக் குழம்பு வைத்தாள். தின்றான். படுத்தான். எழுந்தான். மறுபடி படுத்தான். பேசட்டும் பேசட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் கூழ் கரைத்துக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"எங் கடுதாசி வந்துச்சாடா?"

"எல்லாம் வந்துச்சு. பத்தரமா வச்சிருக்கேன்." தகரப் பெட்டியிலிருந்து ஒரு கடுதாசிக் கட்டை எடுத்தான்.

"மூணு கொரல் குடுத்தியா?"

அவன் கையிலிருந்த கிண்ணம் சட்டென்று தரையில் உட்கார்ந்தது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"நாந்தான எழுதச் சொன்னேன்? உங்க அண்ணன் எதுத்தாப்புல இருக்கான், மூணு கொரல் குடுன்னு."

"இல்லியே. அப்படி ஒண்ணும் நீ எழுதலியேம்மா."

"நல்லாப் பாருடா. அந்த ஐப்பசி மாசத்துக் கடுதாசி."

தேடி எடுத்துப் படித்தான். "சர்வேசுரன் கிருபையால் இங்கு யாவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். மேலதிகாரிகளுக்குக் கீழ்ப்படிந்து நடக்கவும். வேறு விசேஷமில்லை. இப்படிக்கு, உன் தாயார்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

அடப்பாவி மனுஷா! கண்ணெதிரே ஒன்றை எழுதிவிட்டு வாயால் வேறொன்றைப் படித்திருக்கிறாரே! இரண்டு வருஷமாக அந்தக் கடுதாசியைத்தானே அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். பிள்ளைக்குச் சேதி போய்விட்டது, இனி மோசம் வராது என்றுதானே கண்ணை மூடித் தூங்கினாள்! எழுந்துபோய் அந்த ஆளை நாலு வார்த்தை கேட்கலாம் என்று கிளம்பினவளைச் சூசையின் குரல் நிறுத்தியது.

"நீ எழுதல. ஆனா நான் கொரல் குடுத்தேம்மா."

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"மாசி மாசம். ஒரு ஆத்தங்கர. விடியக் கருக்கல்ல ஒரே பனி, எதுத்தாப்புல மூங்கிப் பொதரு. நானும் வடக்கத்தியான் ஒருத்தனும் காவலு. பொதரு ஆடுச்சு. எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது வேற வார்த்த. ஆனா வாயில இதுதான் வந்துச்சு. ஆளான்னு கேட்டுட்டேன். பதிலு இல்ல. ரெண்டாந்தபா கேட்டேன். இல்ல. மூணாந்தபா கேட்டேன்." நிறுத்தினான். "ஆளுதான்னு வந்துச்சும்மா."

"யாரு?"

"தெரியல. கொரல் வந்த பக்கம் எங்கூட இருந்தவன் துப்பாக்கியத் திருப்பிட்டான். அதுவரிக்கும் எங்க இருக்கான்னே தெரியல எங்களுக்கு. அவன் வாயத் தொறந்ததாலதான் தெரிஞ்சுது. நான் கேக்காம இருந்திருந்தா அவன் பேசியிருக்கவே மாட்டான்."

"நீ?"

சூசை கூழைப் பார்த்துக்கொண்டிருந்தான். "கூட இருக்கறவன் சுடும்போது கை சும்மா இருக்குமாம்மா?"

வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள்.

"போய்ப் பாத்தியா?"

"பாக்க வுடல. ஜல்தி ஜல்தின்னு வேற பக்கம் நடத்திக்கினு போயிட்டாங்க. நானும் கேக்கல. பாத்துடுவேனோன்னு பயம்."

"கொரல்..." ஓரடி கிட்டே வந்தாள். "கொரல் அண்ணங் கொரலாட்டம் இருந்துச்சா?"

"அந்தப் பனியில எல்லாக் கொரலும் எனக்கு அண்ணங் கொரலாத்தாங் கேட்டுது. அன்னிலேர்ந்து இன்னி வரிக்கும் அப்படித்தாங் கேக்குது."

அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். இருபத்துமூன்று வயசுப் பிள்ளை அழுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. தன் பிள்ளையோ, இந்த ஏழெட்டு ஊரில் எவள் பெற்ற பிள்ளையோ, அந்தக் கேள்வியை நம்பியல்லவா பதில் சொல்லியிருக்கிறான் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். கேட்டவன் கல் விடமாட்டான் என்று அவனுக்கு ஒரு தாய் சொல்லிக்கொடுத்திருப்பாளே.

சூசையைக் காவலுக்குக் கூப்பிட்டார் அப்பாதுரை. பரண் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டான். சவுரியம்மாள்தான் ஏறினாள். குரல் கொடுப்பாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதில் வராது. கல்லைக் கவணில் வைப்பாள், சுழற்ற மாட்டாள். பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று இத்தனை வருஷம் நம்பியிருந்தாள். இப்போது அந்த நம்பிக்கை போய்விட்டது. பதில் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தவன் வாயைத் திறப்பானா? காலையில் கொல்லை சேறாகக் கிளறிக் கிடக்கும்.

"இன்னா சவுரியம்மா, பரண்மேல தூங்கறியா?" என்று அப்பாதுரை கத்தினார். "பன்னி பாதிக் கொல்லையத் தின்னுட்டுது."

"தின்னுட்டுப் போவட்டும் ஆண்ட. எனக்குக் கை வரல. வேற ஆள வேணும்னா வச்சிக்குங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டினார். வேறு ஆள் தேடவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் உபதேசியார் ஜாபிதாவோடு குடிசை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கடுதாசி விஷயம் அவள் காதுக்கு எட்டிவிட்டது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாலைந்து வாரமாக அவள் அவரைப் பார்த்தால் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தாள்.

"சவுரியம்மா, நான் பயந்துட்டேன். உம்புள்ளயப் புடிச்சிக்கினு போயிடுவாங்கன்னு பயந்தேன். என்னயுந்தான்."

"நீங்க எழுதியிருந்தாலும் இதாங்க நடந்திருக்கும்." அவள் முறத்திலிருந்த கேப்பையைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். "எழுதாமயே நடந்துடுச்சு. ஜாபிதா கொண்டாந்தீங்களா? ஒரு பேரு எழுதணும்."

"தேவசகாயமா?"

"அவன் பேரு எதுக்கு? வேற ஆளு. பேரு தெரியாது. மூணாவது கொரலுக்குப் பதிலு சொன்னவன்னு எழுதுங்க."

உபதேசியார் வாசற்படியில் உட்கார்ந்தார். முழங்கால்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். "இன்னார் பெத்த புள்ளன்னு போடணுமேம்மா. எல்லாப் பேருக்கும் அப்படித்தான் படிக்கிறது."

அவள் முறத்தை இறக்கி வைத்தாள். "எம்பேரப் போடுங்க."

எழுதி முடித்து, வழக்கம்போல் படித்துக் காட்ட வாயெடுத்தார். அவள் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். வாங்கி, உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்த சூசையிடம் கொடுத்தாள். உபதேசியார் தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னா எழுதியிருக்குது, படிடா."

சூசை வெளிச்சத்துக்கு நகர்ந்து, கடைசி வரியைப் படித்தான். "மூன்றாவது குரலுக்குப் பதில் சொன்னவன். ஊர் தெரியாது. தாயார், வேலங்குளம் சவுரியம்மாள்."

"சரியாத்தான் இருக்குது" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பினாள்.

பரண் ஏறியபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. தூறல் விட்டிருந்தது. மல்லாட்டைச் செடி பழுத்துக் கிடந்தது, இன்னும் ஒரு வாரத்தில் பிடுங்கிவிடுவார்கள். ஊர்ப் பக்கத்து வரப்போரம் செடி அசைந்தது. பழக்கதோஷம், கவணில் கல்லை வைத்துக்கொண்டாள்.

"ஆளாஆஆ?"

பதில் இல்லை.

"ஆளாஆஆ?"

செடி அசைவது நின்றது. எதுவோ நின்று கேட்கிறது. மூன்றாவது குரல் கொடுக்காமலே விட்டுவிடலாமா என்றிருந்தது. கேட்டாள். அடிவயிற்றிலிருந்து கேட்டாள்.

"ஆளாஆஆ?"

"ஆளுதான்!"

உடைந்த குரல். பாதியில் கம்மிப்போன குரல். எந்தப் பிள்ளை என்று ஒரு நொடி அவளுக்குத் தெரியவில்லை. மடியிலிருந்த கற்கள் எல்லாம் கீழே கொட்டின. வரப்பில் சூசை நின்றுகொண்டிருந்தான். கையில் அவளுக்குக் கூழ்ச் சட்டி இருந்தது.

"வாடா" என்றாள். "பாத்து வா. அந்த ஏணிப்படி இன்னும் ஆட்டம் குடுக்குது."